உதட்டில் அடிக்கடி வரும் ஹெர்பீஸ் கொப்புளம்: களிம்பா, மாத்திரையா?

கேள்வி இதுதான்: வருடத்துக்கு நான்கைந்து முறை உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம் வருகிறது. ஹெர்பீஸ் என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்கள். போட்டாலும் போடாவிட்டாலும் பத்து நாள் ஆகிறது. மாத்திரை எடுக்கலாமா? அடியோடு போகுமா? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, அதற்கும் தொற்றுமா?

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடியோடு போகாது. இந்த வைரஸை உடம்பிலிருந்து முழுவதுமாக வெளியேற்றும் மருந்து இன்றுவரை இல்லை, தடுப்பூசியும் வரவில்லை. ஆனால் “போட்டாலும் போடாவிட்டாலும் பத்து நாள்” என்கிறீர்களே, அதை ஓரளவு மாற்ற முடியும். களிம்பின் பலன் சிறியது என்பது உண்மை. அந்தச் சிறிய பலனும் கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மருந்தைத் தொடங்கும் நேரம்.

உதட்டில் வருவது பெரும்பாலும் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் முதல் வகை, எச்எஸ்வி-1. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேரிடம், அதாவது 370 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம், இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே வெட்கப்படவோ, யாரிடமிருந்து வந்தது என்று துப்பறியவோ வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்குக் குழந்தைப் பருவத்திலேயே, பெரியவர்கள் கொடுத்த ஒரு முத்தத்தில் வந்துவிடுகிறது. வந்தது தெரியாமலேயே பலர் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள்.

முதல் தொற்றுக்குப் பிறகு வைரஸ் முகத்தின் உணர்வு நரம்பு வழியாக மேலேறி, காதுக்கு முன்பக்கம் மண்டையோட்டுக்குள் இருக்கும் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அங்கே அது பெருகுவதில்லை, சும்மா கிடக்கிறது. காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மன உளைச்சல், மாதவிடாய், உதட்டில் படும் சின்ன அடி, பல் சிகிச்சையில் உதட்டை இழுத்துப் பிடிப்பது என்று ஏதோ ஒன்று தூண்டும்போது, அதே நரம்பு வழியாக இறங்கி வந்து தோலில் பெருகத் தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வருவதற்கு இதுவே காரணம்.

இறங்கி வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் சிகிச்சை முழுவதும் அடங்கியிருக்கிறது. கொப்புளம் தெரிவதற்குச் சில மணி நேரம் முன்னதாக, சிலருக்கு ஒரு நாள் முன்னதாகவே, அந்த இடத்தில் சுருசுருவென்று இருக்கும். அரிக்கும், எரியும், லேசாக விறைத்த மாதிரி இருக்கும். வைரஸ் படுவேகமாகப் பெருகுவது அப்போதிலிருந்து முதல் ஒன்றிரண்டு நாட்களில்தான். பிறகு கொப்புளம் உடைந்து, புண்ணாகி, பொருக்கு கட்டி, உதிர்கிறது. பொருக்கு கட்டும் கட்டத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் உடம்பு தன் சேதத்தைச் சரிசெய்துகொள்ளும் வேலை. வைரஸின் ஆட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நம்மிடம் உள்ள மருந்துகள் எல்லாம் வைரஸ் பெருகுவதைத் தடுப்பவை, புண்ணை ஆற்றுபவை அல்ல. மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் களிம்பை எடுத்தால், தடுப்பதற்கு அங்கே அதிகம் மிச்சமிருக்காது.

அசைக்ளோவிர் என்ற மருந்து வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வாயில் போடும்போது அது செயலற்ற மூலக்கூறு. வைரஸ் தன் பெருக்கத்துக்காகத் தயாரிக்கும் தைமிடின் கைனேஸ் என்ற நொதிதான் அதைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட மருந்து வைரஸின் டிஎன்ஏ சங்கிலியில் போய் உட்கார்ந்து, மேற்கொண்டு நீளவிடாமல் அறுத்துவிடுகிறது. வைரஸ் இல்லாத செல்களில் அந்த நொதி இல்லை, அதனால் அங்கே மருந்து ஏறக்குறைய சும்மா இருக்கிறது. வைரஸுக்கு எதிராகப் பாதுகாப்பான மருந்தே சாத்தியமில்லை என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் வந்த கண்டுபிடிப்பு இது. இதை உருவாக்கிய குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு, மருந்து ஆராய்ச்சிக்காக 1988-இல் இன்னும் இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ஏன் அடியோடு குணமாகாது என்பதற்கான பதிலும் இங்கேயே இருக்கிறது: நரம்பு முடிச்சில் தூங்கும் வைரஸ் டிஎன்ஏவை நகலெடுப்பதே இல்லை. நகலெடுக்காத இடத்தில் இந்த மருந்துக்கு வேலை இல்லை.

இனி களிம்புக்கு வருவோம். 5% அசைக்ளோவிர் க்ரீமை ஒரு நாளைக்கு ஐந்து முறை, நான்கைந்து நாட்கள் தடவ வேண்டும். 1% பென்சிக்ளோவிர் என்றால் விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒருமுறை. 10% டோகோசனால் என்றொரு க்ரீமும் உண்டு, அது வைரஸை செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்கப் பார்க்கிறது. ஒழுங்காக, ஆரம்பத்திலேயே தொடங்கினாலும் இவற்றால் கிடைப்பது சராசரியாக அரை நாள் லாபம், சற்றே கூடக்குறைய. அவ்வளவுதான். நியூசிலாந்தில் 952 பேரை வைத்து, கானுகா என்ற செடியின் தேனிலிருந்து செய்த க்ரீமையும் அசைக்ளோவிர் க்ரீமையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2019-இல் வெளிவந்த முடிவு: தேனுக்கு 9 நாள், மருந்துக்கு 8 நாள், குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தேன் மருந்துக்குச் சமம் என்று சிலர் கொண்டாடினார்கள். எனக்கோ அது களிம்பின் லட்சணத்தைக் காட்டிய ஆய்வாகவே படுகிறது. வருடத்துக்கு ஒருமுறை லேசாக வந்துபோகிறவர் களிம்போடு நிறுத்திக்கொள்ளலாம், ஒன்றும் போடாமல் விட்டாலும் பாதகமில்லை. உங்களைப் போல் நான்கைந்து முறை வருபவருக்கு நான் களிம்பைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மாத்திரை அதைவிட மேல். அசைக்ளோவிரை விழுங்கினால் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை, அதனால்தான் நாளுக்கு ஐந்து முறை என்ற சள்ளை. அதையே சற்று மாற்றிச் செய்த வாலாசைக்ளோவிரில் பாதிக்கு மேல் சேர்கிறது. பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டியவர்களுக்கும் உதட்டுக் கொப்புளத்துக்கு வாலாசைக்ளோவிர் முறை எளிமையானது: சுருசுருப்பு தெரிந்ததும் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அதோடு சரி. ஃபாம்சைக்ளோவிர் என்றால் பெரியவர்களுக்கு 1500 மி.கி. ஒரே வேளை. அசைக்ளோவிர்தான் கைக்கு எட்டுகிறது என்றால் 400 மி.கி. வீதம் நாளுக்கு ஐந்து முறை, ஐந்து நாள். இவற்றால் சராசரியாக ஒரு நாள் அளவுக்குக் குணம் முந்துகிறது, வலியும் குறைகிறது. ஒரு நாள்தானா என்று தோன்றும். அது எல்லாரையும் சேர்த்துப் பார்த்த சராசரி. முந்திக்கொண்டு போட்டவர்களில் சிலருக்குக் கொப்புளமே எழும்பாமல் அடங்கிவிடுவதும் உண்டு.

இந்த அளவுகளைப் பார்த்துவிட்டு நேரே மருந்துக்கடைக்குப் போக வேண்டாம். இந்த மருந்துகள் சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை. சிறுநீரகம் பழுதான ஒருவர், குறிப்பாக வயதானவர், முழு அளவைச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் தேங்கி, குழப்பமும் பிதற்றலும் வரலாம். மூளைக்கோளாறோ என்று வீடே பயந்து ஓடுகிற அளவுக்குப் போகும். அவர்களுக்கு அளவைக் குறைத்தே கொடுக்க வேண்டும். மற்றவர்களும் மாத்திரை எடுக்கும் நாட்களில் தண்ணீர் தாராளமாகக் குடிப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கு அசைக்ளோவிர் நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது, அச்சப்படும்படி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் முடிவு மருத்துவருடையது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, கொப்புளம் இல்லாத ஒரு சாதாரண நாளில் மருத்துவரைப் பார்த்து, சிறுநீரகம், மற்ற மருந்துகள் பற்றியெல்லாம் பேசி, மருந்துச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவைப்பது. மாத்திரை பையில் இருக்க வேண்டும். சுருசுருப்பு இரவு பத்து மணிக்கு வந்தால் மறுநாள் காலை சந்திப்பு நேரம் வாங்கி, மாலையில் மருந்து வாங்குவதற்குள் மருந்து கேட்கும் அந்த நேரம் கடந்துவிடும்.

வருடத்துக்கு ஆறு முறைக்கு மேல் வந்தாலோ, வரும்போதெல்லாம் மிகக் கடுமையாக இருந்தாலோ, தினசரித் தடுப்பு மாத்திரை உண்டு. வாலாசைக்ளோவிர் 500 மி.கி. தினம் ஒருமுறை, அல்லது அசைக்ளோவிர் 400 மி.கி. இருவேளை. சில மாதங்கள் எடுத்துவிட்டு நிறுத்திப் பார்ப்பது வழக்கம். எடுக்கும் காலத்தில் தாக்குதல் குறையும். நிறுத்தினால் பழையபடி வரலாம், தூங்குவதை அது கொல்லவில்லை அல்லவா. நீங்கள் எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள். முதலில் தேவைப்படும்போது மட்டும் மாத்திரை என்ற வழியைச் சரியாகச் செய்து பார்க்கச் சொல்வேன்.

உங்களைத் தூண்டுவது வெயில் என்றால் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு, ஏனென்றால் தடுக்கக்கூடிய தூண்டுதல் அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். அடிக்கடி கொப்புளம் வருபவர்களின் உதட்டில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சிச் செய்த சோதனையில், சன்ஸ்கிரீன் பூசாதவர்களில் பெரும்பாலோருக்குக் கொப்புளம் வந்தது. பூசியவர்களுக்கு வரவில்லை. எஸ்பிஎஃப் 30 உள்ள லிப் பாம் ஒன்றை வெளியே போகும்போது பூசிக்கொள்ளுங்கள், சாப்பிட்ட பிறகு திரும்பப் பூசுங்கள். காய்ச்சலையும் மன உளைச்சலையும் தவிர்க்கச் சொல்லி யாருக்கும் அறிவுரை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. லைசின் என்ற அமினோ அமில மாத்திரை பற்றி நிறைய பேர் கேட்பார்கள். தடுக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கானது, புண்ணில் சீழ் பிடித்தால் ஒழிய அதற்கு இங்கே இடமில்லை.

நீங்கள் ஹெர்பீஸ் என்று சொல்வது ஹெர்பீஸ்தானா என்பதையும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கொத்தாகச் சின்ன நீர்க்கொப்புளங்கள், உதடும் தோலும் சேரும் விளிம்பில், முன்னறிவிப்பாகச் சுருசுருப்பு, மறுபடி மறுபடி அதே இடம் என்றால் சோதனைகூட வேண்டாம், பார்த்தே சொல்லிவிடலாம். கன்னத்தின் உட்புறம், உதட்டின் உள்பக்கம், நாக்கின் அடி என்று மெத்தென்ற இடங்களில், கொப்புளம் எதுவும் இல்லாமல் வட்டமாக, நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளையும் சுற்றிச் சிவப்புமாக வருவது ஆப்தஸ் என்ற சாதாரண வாய்ப்புண். அது வைரஸ் இல்லை, தொற்றாது, அசைக்ளோவிரும் அதற்கு உதவாது. ஹெர்பீஸ் வாய்க்குள் திரும்ப வருவது அபூர்வம். வந்தால் மேலண்ணம், பல் ஈறு போன்ற கெட்டியான இடங்களில்தான் வரும். வாயின் இரண்டு மூலைகளிலும் வெடித்து எரிவது வேறு, அதற்குப் பூஞ்சையோ பாக்டீரியாவோ, சத்துக் குறைவோ, பல்செட் பொருந்தாததோ காரணமாக இருக்கும்.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாய்ப்புண்ணுக்கு என்று கொடுக்கப்படும் பல பசைகளில் ட்ரையாம்சினலோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறது. ஆப்தஸ் புண்ணுக்கு அது நல்ல மருந்து. ஹெர்பீஸ் மேல் அதை மட்டும் தடவினால், வைரஸை அடக்க வரும் நம் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போட்டுவிட்டு வைரஸுக்கு வழிவிட்டதாக ஆகும். ஹைட்ரோகார்டிசோனும் அசைக்ளோவிரும் சேர்ந்த க்ரீம் ஒன்று உண்டு, அது வேறு சங்கதி. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட பசை என்று எடுத்துத் தடவுவது மட்டும் வேண்டாம்.

இனி குழந்தை. கொப்புளம் இருக்கும்போது முத்தம் வேண்டாம், ஒரே தம்ளர், ஒரே கரண்டி, ஒரே துண்டு வேண்டாம். களிம்பு தடவியதும், புண்ணைத் தொட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பொருக்கு உதிர்ந்து தோல் மூடும்வரை இந்த ஒழுங்கு இருக்கட்டும். இவ்வளவு செய்தாலும், புண்ணே இல்லாத நாட்களிலும் எச்சிலில் சில சமயம் வைரஸ் வெளிவரும், ஆகவே நூறு சதவீதம் தடுக்க முடியாது. குழந்தைக்கு என்றாவது யாரிடமிருந்தாவது வந்துவிடும் வாய்ப்பே அதிகம். குற்ற உணர்ச்சியில் குழந்தையைத் தூக்காமலே இருப்பது தேவையற்றது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் முதல் தொற்று வெளிப்படையாக வந்தால் அது உங்கள் உதட்டுக் கொப்புளம் போல இருக்காது. காய்ச்சல் அடிக்கும், ஈறெல்லாம் வீங்கிச் சிவந்து இரத்தம் கசியும், வாய் முழுக்கப் புண், எச்சில் ஒழுகும், கழுத்தில் நெறிகட்டும், குழந்தை எதையும் விழுங்க மறுக்கும். பத்து முதல் பதினான்கு நாள் இழுக்கும். இதைப் பல் முளைக்கும் தொந்தரவு என்று நினைத்து நாட்களை விட்டுவிடுகிறார்கள். தொடங்கி மூன்று நாட்களுக்குள் வந்தால் அசைக்ளோவிர் திரவம் நன்றாகவே கேட்கும்: எடையில் ஒரு கிலோவுக்கு 15 மி.கி., நாளுக்கு ஐந்து முறை, ஏழு நாள் என்பது 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பயன்படுத்திய அளவு. அதில் மருந்து எடுத்த குழந்தைகளுக்கு வாய்ப்புண் 4 நாளில் ஆறியது, எடுக்காதவர்களுக்கு 10 நாள் ஆனது. பெரியவர்களின் அரை நாள், ஒரு நாள் லாபத்தோடு இதை வைத்துப் பாருங்கள். முதல் தொற்றில் உடம்பிடம் முன் அனுபவம் இல்லை, வைரஸ் பல நாள் பெருகுகிறது, அதனால் மருந்துக்கும் வேலை நிறைய. அளவைக் குழந்தை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அந்த நாட்களில் மருந்தைவிட முக்கியம் நீர்ச்சத்து. குளிர்ந்த, காரமும் புளிப்பும் இல்லாத எதையாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வலிக்குப் பாரசிட்டமால் கொடுத்து, அரை மணி கழித்து ஊட்டினால் உள்ளே போகும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. மரத்துப்போகச் செய்யும் பென்சோகேய்ன், லிடோகேய்ன் ஜெல்களையும் சின்னக் குழந்தை வாயில் தடவாதீர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இரண்டுக்கும் எதிராக எச்சரித்திருக்கிறது, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போவது, வலிப்பு என்று ஆபத்துகள் உண்டு. குழந்தை ஆறேழு மணி நேரம் சிறுநீர் கழிக்கவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம், நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். எச்சில் பட்ட விரலைச் சூப்பும் குழந்தைக்கு விரல் நுனியில் வலியோடு கொப்புளம் வரலாம். அதுவும் இதே வைரஸ்தான், சீழ் என்று நினைத்துக் கீறிவிடக் கூடாது.

பிறந்து சில வாரங்களே ஆன சிசு விஷயத்தில் மட்டும் நான் தளர்வு காட்ட மாட்டேன். அந்த வயதில் இந்த வைரஸ் மூளைக்கும் கல்லீரலுக்கும் பரவி உயிரைப் பறிக்கும். உதட்டில் கொப்புளம் உள்ளவர் சிசுவை முத்தமிடவே கூடாது, தாத்தா பாட்டியானாலும் சரி. தாய்க்கே வந்திருந்தால் முகக்கவசம் அணிந்து, கை கழுவித் தாய்ப்பால் கொடுக்கலாம், மார்பில் புண் இல்லாதவரை. சிசுவின் உடம்பில் ஒரே ஒரு நீர்க்கொப்புளம் தெரிந்தாலும், அல்லது காய்ச்சலும் பால் குடிக்காத சோர்வும் வந்தாலும் அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெரியவர்களிலும் மாத்திரை போட்டுவிட்டு வீட்டில் இருக்கக் கூடாதவர்கள் சிலர் உண்டு. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் வைரஸ் கருவிழிக்குப் போயிருக்கலாம். கண் மருத்துவர் பார்க்காமல் வீட்டில் கிடக்கும் சொட்டு மருந்தை விட்டால், அதில் ஸ்டீராய்டு இருந்து பார்வைக்கே உலை வைக்கலாம். எக்சிமா என்ற தோல் நோய் உள்ளவருக்குக் கொப்புளங்கள் திடீரென்று பரந்து, காய்ச்சலோடு வந்தால் அது அவசரம். கீமோதெரபி எடுப்பவர், உறுப்பு மாற்று செய்தவர், எச்ஐவி முற்றியவர் போன்றோருக்கு உதட்டுப் புண் வாரக்கணக்கில் ஆறாமல் பெருகலாம். அசைக்ளோவிருக்கு மசியாத வைரஸ் பெரும்பாலும் இவர்களிடம்தான் உருவாகிறது, மருந்தைத் தூண்டும் அந்த நொதியையே வைரஸ் கைவிட்டுவிடும். அப்போது ஃபாஸ்கார்நெட் போன்ற, நரம்பில் ஏற்றும் மருந்து தேவைப்படும். காய்ச்சல், தலைவலியோடு பேச்சில் குழப்பமோ வலிப்போ வந்தால் மூளைக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். இது மிக அபூர்வம், ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் எண்ணத்தக்கது. ஒவ்வொரு கொப்புளத்துக்கும் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கை கால்களில் வளையம் வளையமாகச் சிவந்த தடிப்பு வருகிறது என்றால் மருத்துவரிடம் அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குத் தினசரித் தடுப்பு மாத்திரையே தீர்வாக அமைவது உண்டு.

சில்லறைக் கேள்விகளையும் முடித்துவிடுகிறேன். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள், அந்த நீரில்தான் வைரஸ் மிக அதிகம். பொருக்கு வெடித்து இரத்தம் கசியாமல் இருக்க வாசலின் போதும். பல் மருத்துவரிடம் அவசரமில்லாத வேலை இருந்தால் ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். உதட்டில் புண் இருக்கும்போது வாய்வழிப் பாலுறவு வேண்டாம், எச்எஸ்வி-1 அங்கேயும் போய்க் குடியேறும். இரத்தத்தில் ஹெர்பீஸ் ஆன்டிபாடி பார்க்கும் சோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். மூன்றில் இரண்டு பேருக்கு அது பாசிட்டிவாகத்தான் வரும், உங்கள் உதட்டில் இருப்பது எது என்று சொல்லாது. உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், புதிதாக எழும்பிய கொப்புளத்தின் நீரைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து பிசிஆர் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதற்கும் முதல் ஒன்றிரண்டு நாளில் போனால்தான் பலன்.